மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது?

அண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பட்டாசுக்கு நிறுத்தத் தெரியாது. செருப்புப் பட்டறையில் அவளோடு உட்கார்ந்து பசை தடவுகிற இருபத்திரண்டு பெண்களுக்கும் அந்த அண்ணியின் கதை தலைகீழ்ப் பாடம். "போதும்டி, உங்க அண்ணி பெருமையக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்று யாராவது சொன்னால், "புளிச்ச காதக் கழுவிட்டு வா, மீதியச் சொல்றேன்" என்பாள். வாயைத் திறந்தால் வெடிக்கிறவள் என்று பட்டறையில் வைத்த பெயர்தான் பட்டாசு. அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அண்ணி அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வாளர். ஒரு வேலையிடத்தில் ஆட்களின் உடம்புக்குள் எந்த ரசாயனம் போகிறது, எவ்வளவு போகிறது, அதனால் என்ன கெடுதல் வரும் என்று அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுவிட்டுப் பட்டாசு விழுந்து விழுந்து சிரித்தாள். "காத்தப் பிடிச்சுப் பாட்டில்ல அடைக்கிறதுக்கு ஒரு ஆபீஸா? அதுக்குச் சம்பளம் வேறயா?" அண்ணியும் சளைத்தவள் இல்லை. "ஆமா. உன் வாயிலேர்ந்து வர்ற காத்தையும் ஒரு நாள் பிடிக்கணும். பாட்டில்தான் பத்தாது" என்றாள். அன்றைக்கு ஒட்டியவர்கள்தான். நாத்தனாரும் அண்ணியும் இப்படி இழைந்துகொண்டு திரிவதைப் பார்த்து அண்ணன்காரனுக்கே கொஞ்சம் பொறாமை.

சும்மா சொல்லக் கூடாது, அண்ணி லேசில் மேலே வந்தவள் இல்லை. அந்தக் கூடத்தில் முதலில் சேர்ந்தது கண்ணாடிக் குழல் கழுவுகிற வேலைக்கு. நாலு வருஷம் கழுவினாள். பகலில் கழுவிவிட்டுச் சாயங்காலக் கல்லூரியில் படித்து ரசாயனத்தில் பட்டம் வாங்கினாள். அப்புறம் மற்றவர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போகிற உதவியாள். அப்புறம்தான் ஆய்வாளர், சொந்தக் கையெழுத்து. யாராவது அவளிடம் "இது விஷமா, இல்லையா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, பிடித்துக்கொள்வாள். "அப்படி மொட்டையாக் கேக்காதீங்க. எவ்வளவு, எந்த வழியா, எத்தனை நாளா? இந்த மூணும் தெரியாம நான் வாயத் திறக்க மாட்டேன்."

ஆய்வாளராகி அவள் தன் கையெழுத்தில் கொடுத்த முதல் அறிக்கையே இந்தச் செருப்புப் பட்டறைக்குத்தான். காற்றில் இருக்கிற பசை ஆவி அனுமதித்த அளவுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். அடுத்த வருஷம் பட்டாசு வேலை தேடியபோது வேறு எங்கேயும் போய் நிற்கவில்லை. எங்க அண்ணியே அளந்து பாத்த இடம், அப்புறம் என்ன பயம் என்று நேரே போய்ச் சேர்ந்தாள். தெருவிலிருந்து இன்னும் நாலு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு முழ உயரத்து முக்காலியில் உட்கார வேண்டும். காலுக்கு நடுவில் பசை டின். இரண்டு விரலை அதில் தோய்த்து, அடித்தோலின் ஓரம் முழுக்கத் தடவ வேண்டும். ஓரம் தெரிய வேண்டுமென்றால் நன்றாகக் குனிந்துதான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் விரலில் ஒட்டியதை, பசையைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முதல் வாரம் தலையை வலித்தது. அப்புறம் வாசனையே தெரியவில்லை. பழகிப் போச்சு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது பின்னால் வந்த அம்மாள் ஒருத்தி, "ஏம்மா, ஒரு கால் செருப்ப விட்டுட்டுப் போறியே!" என்று கூப்பிட்டாள். பட்டாசு குனிந்து பார்த்தால், ஆமாம், இடது கால் வெறுங்கால். எப்போது கழன்றது என்றே தெரியவில்லை. செருப்புப் பட்டறைக்காரி செருப்பைத் தொலைத்த கதையை மறுநாள் பட்டறையில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். மூன்றாவது தடவை நடந்தபோது யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கக் கொதிக்க டீயை எடுத்து வரும்போது டம்ளர் கைநழுவிப் பாதத்தில் கொட்டியது. அண்ணி பதறி எழுந்தாள். பட்டாசோ சாவகாசமாகத் தரையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தாள்.

"சுடலையாடி?"

"லேசா."

"லேசாவா? தோல் செவந்து போயிருக்கு!"

அண்ணி அவளை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சு நுனியால் ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டாள். "இப்ப எந்த விரல்?" பட்டாசு சுண்டுவிரல் என்றாள், கட்டைவிரல் என்றாள், ஒன்றும் தொடவே இல்லை என்றாள். கண்ணைத் திறந்தபோது பஞ்சு அவள் நடுவிரலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பட்டறையில வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"அட, பாதிப் பேருக்கு இருக்கு. உக்காந்தே இருக்கோம்ல, மரத்துப் போகும். ஒருத்தி பசையாத்தான் இருக்கும்னு ஆரம்பிச்சா. நான் விடுவேனா? எங்க அண்ணி கையெழுத்தையே சந்தேகப்படுறியான்னு சண்டைக்குப் போயிட்டேன். அப்புறம் ஒருத்தியும் வாயத் திறக்கல."

பெருமையாகத்தான் சொன்னாள், பாவி. அண்ணி பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, அப்போதே ஒரு நரம்பு டாக்டருக்குப் போன் போட்டாள்.

நரம்பு டாக்டர் இரண்டு காலையும் பார்த்துவிட்டு, பசையில் இருக்கிற ஹெக்சேன் என்ற சாமான் நரம்பை அரிக்கக்கூடியது, உடனே அதைத் தொடுவதை நிறுத்து என்றார். பட்டாசு கேட்டால்தானே? "நான் கூட்டிட்டு வந்த நாலு பேரும் அங்க உக்காந்திருக்காங்க. நான் மட்டும் வீட்ல காலு நீட்டிப் படுக்கவா?" என்று மறுநாளும் கிளம்பினாள். அண்ணி அவளோடு வாதாடாமல் தன் ஆபீசுக்குப் போனாள்.

அங்கே நடந்ததை அண்ணி சாயங்காலம் சொன்னாள். பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே பெரிய அதிகாரியின் முன்னால் போய், "இது தப்பான அறிக்கை சார், நான் எழுதினது" என்றிருக்கிறாள். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் விதிப்படிதானே இருக்கு? பதவி உயர்வுப் பட்டியல்ல மூணாவதா இருக்கீங்க. உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்காதீங்கம்மா" என்றாராம்.

"எண் சரிதான் சார். வச்ச இடம்தான் தப்பு. கருவிய அறைக்கு நடுவுல, நிக்கிற ஆள் மூக்கு உயரத்துல வச்சேன். அங்க நின்னுக்கிட்டு இருக்கிறது சூப்பர்வைசர் ஒருத்தர்தான். அவர் காலுக்கு ஒண்ணும் ஆகல. மத்த எல்லாரும் முழ உயரத்துல உக்காந்து டின்னுக்குள்ள குனியிறாங்க. விரல் வழியாவும் உள்ள போகுது, அத நான் கணக்குலயே எடுக்கல. என் நாத்தனார் அங்க வேலை செய்யிறா, அதனால இந்தத் தடவை நீங்கதான் முன்னால நிக்கணும். நான் பெட்டி தூக்கிட்டு வர்றேன்."

இதைக் கேட்டதும் பட்டாசுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன் காலைப் பற்றி இல்லை. அண்ணியின் பேரைப் பற்றி! நாலு வருஷம் குழல் கழுவிச் சம்பாதித்த பேர் இந்தக் காலால் போய்விடுமே. அதற்கு இடம் கொடுக்கிற ஆளா பட்டாசு?

மூன்றாம் நாள் பெரிய அதிகாரி பட்டறைக்கு வந்தார். பின்னால் அண்ணி இரண்டு கையிலும் பெட்டியோடு வந்தாள். வந்தவள் நேரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, டின்னை முன்னால் இழுத்து, தோலைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்து ஒவ்வொருத்தியின் மூக்குக்கும் டின்னுக்கும் நடுவே பிடித்து அளந்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கே 'மூக்கு மேடம்' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கருவி மாட்டினாள். இடுப்பில் சின்னதாக ஒரு பம்ப். அதிலிருந்து ரப்பர் குழாய். அதன் நுனியில் விரல் நீளக் கண்ணாடிக் குழல், உள்ளே ஆவியைப் பிடித்து வைக்கிற கரித்தூள். ஏப்ரன் பட்டையில், மூக்குக்குக் கீழே அதைக் குத்திவிட்டாள். நீங்கள் இழுக்கிற காற்றையே இதுவும் இழுக்கும், வேலை முடிகிற வரை கழற்றாதீர்கள் என்றாள். சாயங்காலம் போகும்போது எல்லாரும் ஆளுக்கொரு டப்பாவில் சிறுநீரும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றாள்.

அதிகாரியும் அண்ணியும் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு தோல் வெட்டுகிற பகுதியைப் பார்க்கப் போனார்கள். கதவு மூடியதுதான் தாமதம், பட்டாசு எழுந்தாள். "கழட்டுங்கடி எல்லாரும்!" என்றாள். ஆறு கருவியையும் வாங்கி, திறந்திருந்த ஜன்னலின் கம்பியில் வரிசையாக மாட்டினாள். வெளிக் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. "எண்ணு கூடிச்சுன்னா எங்க அண்ணி பேரு நாறிப் போகும். பசையெல்லாம் போற போக்குல சரியாயிடும், பேரு போனா வருமா?" என்றாள். ஒருத்தியாவது எதிர்த்துப் பேச வேண்டுமே? மாட்டார்கள். மூக்கு மேடம் மேல் அவர்களுக்கும் அதற்குள் பிரியம் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டதும் ஆறும் பழையபடி ஏப்ரனுக்கு வந்துவிட்டன. மத்தியானமும் இதே கூத்துதான் நடந்தது.

காற்றின் முடிவு முதலில் வந்தது. பழைய எண்ணைவிடக் குறைச்சல்! அதிகாரி அண்ணியின் முதுகில் தட்டாத குறையாக, "பாத்தீங்களா, வீணா பயந்தீங்க" என்றாராம். பட்டாசு சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

நாலு நாள் கழித்துச் சிறுநீர் முடிவு வந்தது. அண்ணி அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் பட்டாசின் எதிரில் நின்றாள்.

"காத்துல ஒண்ணுமே இல்ல. உங்க உடம்புல மட்டும் நிறைய இருக்கு. இருக்க வேண்டியதவிட நாலு மடங்கு, அஞ்சு மடங்கு. காத்துல இல்லாதது உடம்புக்கு எங்கேர்ந்து வந்துச்சு? விரல் வழியா வந்ததுன்னு வச்சுக்கிட்டாலும் கணக்கு இடிக்குது. ஆறு ஏப்ரன்லயும் பசை திட்டுத் திட்டா இருந்துச்சு. ஆறு குழல்ல ஒண்ணுலகூடப் பொட்டுப் பசை இல்ல. புதுசா பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு. சொல்லு. எங்கடி வச்சீங்க?"

பட்டாசு தலையைக் குனிந்துகொண்டு, "ஜன்னல்ல" என்றாள். "உங்க பேரு கெட்டுடும்னுதான் அண்ணி..."

அண்ணி கத்தியதை அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "என் பேருக்கு என்னடி? தப்பா எழுதினா அடிச்சுட்டு வேற எழுதலாம். நரம்ப அடிச்சுட்டு வேற எழுத முடியுமா? என் கையெழுத்த நம்பித்தானே நீ அந்த முக்காலியில போய் உக்காந்த? நீ நடக்க முடியாம போயிட்டா அந்தப் பேர வச்சு நான் என்ன பண்ணுவேன்?" கத்திக்கொண்டே இருந்தவள் சட்டென்று பட்டாசைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பட்டாசு மறுநாளே அதிகாரியின் முன்னால் போய் நின்று ஜன்னல் கதையைச் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை அண்ணி காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அறையிலேயே நின்றாள். எண் அனுமதித்த அளவைப் போல மூன்றரை மடங்கு என்று வந்தது.

முடிவைச் சொல்ல அதிகாரியும் அண்ணியும் வந்த அன்று பட்டறை வாசலில் கூட்டம் கூடியது. முதலாளி லேசுப்பட்டவரா? சட்டத்துக்குள் இருந்த காகிதத்தைக் கை நீட்டிக் காட்டினார். "மூணு வருஷமா இது இங்கதான் தொங்குது. கையெழுத்து மேடமோடதுதானே? அன்னைக்கு நல்ல காத்து, இன்னைக்குக் கெட்ட காத்தா? எத நம்புறது?"

கேள்வி நியாயம்தான், அதுதான் கொடுமை. இருபத்திரண்டு பெண்களும் அண்ணியையே பார்த்தார்கள். அண்ணி உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்து வந்தாள். அதன்மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். காகிதத்தை உருவி, சுவரில் வைத்து, குறுக்கே கோடு போட்டு, 'இந்த அறிக்கை தவறு' என்று எழுதினாள். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நிக்கிறவங்க மூக்குக்கு அளந்துட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிட்டேன். இத நம்பி நீங்க உள்ள வந்தீங்க. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். பசையாக இருக்கும் என்று முதலில் சொல்லி, பட்டாசிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளேதான். "அப்ப மேடம், இப்ப அளந்ததும் தப்பா இருந்தா?"

"இருக்கலாம். அதான் இந்தத் தடவை காத்த மட்டும் கேக்கல, உங்க உடம்பையும் கேட்டேன். ரெண்டும் ஒரே பதிலத்தான் சொல்லுது."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "சரி. அப்ப புது அறிக்கையிலயும் நீங்கதான் கையெழுத்துப் போடணும். தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆள் போட்டாத்தான் நாங்க உள்ள போவோம்" என்றாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நாத்தனார் அங்கே வேலை செய்கிறாள் என்பதால் முதல் கையெழுத்தை அதிகாரி போட்டார், இரண்டாவதை அண்ணி போட்டாள். அன்றைக்குப் பட்டாசு பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. என் அண்ணி, என் அண்ணி என்று பக்கத்தில் நின்றவளின் தோளை உலுக்கியே பிய்த்துவிட்டாள்.

பழைய பசையை அன்றோடு நிறுத்தினார்கள். தண்ணீரில் கரைக்கிற பசை வந்தது. முக்காலி போய் நின்று வேலை செய்கிற மேசை வந்தது. விரலுக்குப் பதில் பிரஷ், ஒவ்வொரு மேசையிலும் காற்றை உறிஞ்சுகிற குழாய். அண்ணியின் பெயர் அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து காணாமல் போனது. பட்டாசு கொதித்தாள். அண்ணி, "போனாப் போகுது, அடுத்த வருஷம் எங்க ஓடிடப் போகுது?" என்றதோடு சரி. ஆனால் கூடத்தில் ஆய்வுப் படிவத்தை மாற்றிவிட்டார்கள். எந்த ஆய்வாளர் எந்த வேலையிடத்துக்குப் போனாலும் இப்போது முதல் வரியாக இதைத்தான் நிரப்ப வேண்டும்: வேலை செய்பவரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது?

கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாசம் இன்னும் மோசமாகும், அதற்கப்புறம்தான் திரும்பும் என்று அண்ணி முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாள். இருந்தாலும், முழங்கால் வரை மரத்துப்போய் மாடிப்படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது பட்டாசு உடைந்துவிட்டாள். "இனி திரும்பாது அண்ணி, விடுங்க" என்றாள். அண்ணி விடுகிற ஆளா? வாராவாரம் பஞ்சும் நோட்டுமாக வந்து உட்கார்ந்துவிடுவாள். கண்ணை மூடு, எந்த விரல், எந்த விரல். நோட்டில் பக்கம் பக்கமாகத் 'தெரியவில்லை' என்றே எழுதினாள். மற்ற பெண்களில் சிலருக்கு நாலாம் மாசமே உணர்ச்சி திரும்பிவிட்டது. பட்டாசுக்கு வரவில்லை. ஏழு மாசம் ஆனது, எட்டு மாசம் ஆனது.

ஒன்பதாம் மாசம், ஒரு வியாழக்கிழமை காலை. பட்டாசு மேசை முன்னால் நின்று பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த ஒரு குட்டி ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது. "ஐயோ அம்மா!" என்று அவள் போட்ட கூச்சலில் பட்டறையே திரும்பியது. எல்லாரும் ஓடி வந்தார்கள். பட்டாசு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆணியைப் பிடுங்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டாள். "இருடி, முதல்ல போனக் கொடு!"

கூடத்தில் அண்ணி போனை எடுத்தாள்.

"அண்ணி, வலிக்குது!"

"என்னது? எந்தக் கால்? எந்த விரல்?" கேட்டுக்கொண்டே அண்ணி பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"இடது கால். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல். ஆணி ஏறிடுச்சு."

"லேசாவா, நல்லாவா?"

"உயிர் போகுது அண்ணி!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு நாற்காலி ஒன்று பின்னால் தள்ளி விழுந்தது. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அண்ணி சந்தோஷத்தில் கத்துவது பட்டறைப் போனில் கணீரென்று கேட்டது.

"எல்லாரும் இங்க வாங்க! என் நாத்தனாருக்கு வலிக்குதாம்!"